தொட்டில் பிள்ளைக்கு வந்த சம்மன்

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பவுனம்மாளை வாய் பேசத் தெரியாதவள் என்பார்கள். அது சரியில்லை. புருஷன் பேரையும் மாமனார் பேரையும் சொல்லமாட்டாள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பொம்பளைகள் நாங்கள் யாருமே சொன்னதில்லை. அவள் புருஷன் ஆண்டி, மாட்டுவண்டியில் பாரம் ஏற்றி ஓட்டுகிறவர். மாமனார் அடைக்கலம் காலமான மறு வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. வழக்கப்படி தாத்தா பேரையே வைத்தார்கள். மாமனார் பேரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட முடியுமா? 'சாமி' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

1958-ல் ஆடி மாதம், ஒரு காலையில் போலீஸ்காரர் ஒருவர் அவள் வாசலில் வந்து நின்றார்.

"ஆண்டி மகன் அடைக்கலம் யாரும்மா?"

பவுனம்மாள் தொட்டிலைக் காட்டினாள். எட்டு மாதக் குழந்தை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

"விளையாடறியா? கோர்ட்டு சம்மன் இது!" என்று அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு, தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் என்னிடம் ஓடி வந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். காவிரிப் பாலத்தில் விளக்கில்லாமல் வண்டி ஓட்டிய ஆண்டி மகன் அடைக்கலம் வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு வர வேண்டும், தவறினால் வாரண்டு. 'அடைக்கலம் மகன் ஆண்டி' என்று இருக்க வேண்டியது. எழுதின குமாஸ்தா தகப்பனையும் மகனையும் மாற்றிப் போட்டிருந்தார். அவர் எழுதினபடி ஒரு ஆள் ஊரிலே நிஜமாகவே தொட்டிலில் கிடந்தான்.

"அக்கா, புள்ளையப் புடிச்சிட்டுப் போயிருவாங்களா?"

"சமயபுரத்தா இருக்கா, பயப்படாதே" என்றேன். ஆண்டி பாரத்தோடு மணப்பாறைப் பக்கம் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போனோம். கோர்ட்டு டவாலி 'ஆண்டி மகன் அடைக்கலம், விளக்கில்லாத வண்டி' என்று மூன்று தரம் கூவினார். பவுனம்மாள் குழந்தையோடு கூண்டில் ஏறினாள்.

"ஏன்டா தம்பி, தவழ்ந்துக்கிட்டே ஓட்டினியா?" என்றார் தன் கேஸுக்காகக் காத்திருந்த ஒரு ஜட்காக்காரர். கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

"அடைக்கலம் எங்கே?"

"இதுதாங்க."

"குழந்தையைக் காட்டி ஏமாத்தறியா?"

"இல்லீங்க எசமான். பேரு தலைகீழா இருக்குங்க."

குமாஸ்தா தாளைத் திருப்பிப் பார்த்தார். "நேராத்தானே இருக்கு!"

நான் எழுந்தேன். "எசமான், நான் சொல்றேங்க..."

"நீ உட்காரும்மா. அவதான் சொல்லணும்." மாஜிஸ்திரேட் அவள் பக்கம் திரும்பினார். "உன் புருஷன் பேர் என்ன?"

அவள் வாய் திறக்கவில்லை.

"சொல்லலேன்னா அடைக்கலத்துக்கு வாரண்டு போட்டுட்டு அடுத்த கேஸை எடுப்பேன்."

பவுனம்மாள் குழந்தையை மாரோடு இறுக்கிக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"வண்டி ஓட்டினது ஆண்டி. அவரு அப்பா பேரு அடைக்கலமுங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் பக்கத்தில் இருந்த பொம்பளைகளும்தான். தாயே, மன்னிச்சுடு என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

மாஜிஸ்திரேட் பழைய தாளில் குறுக்கே கோடு போட்டார். "குழந்தை மேல கேஸ் இல்லை. ஆண்டி திங்கட்கிழமை வரணும்." புது சம்மன் அவள் கையிலேயே வந்தது. பிள்ளையை விடுவித்த வாய் புருஷனைப் பிடித்துக் கொடுத்துவிட்டது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"அவரை நானே காட்டிக் கொடுத்துட்டேனா அக்கா?"

நான் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டி வந்தார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"காத்துல லாந்தர் அணைஞ்சது நெசந்தான். போய் ஒத்துக்கறேன்" என்றார். பிறகு கதவைப் பார்த்து, "எங்கப்பா பேரையா சபையில சொன்னே?"

"சொன்னேங்க."

"மொட்டையாவா?"

"இல்லீங்க. மாமா பேருக்கு 'ங்க' போட்டுத்தாங்க சொன்னேன்."

"என் பேருக்கு?"

கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது.

"பயத்துல அது மொட்டையா வந்துருச்சுங்க."

ஆண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை வண்டி பூட்டாமல் நடந்தே கோர்ட்டுக்குப் போனார்.