ஆளாளுக்கு ஒரு ‘வாங்க’: உமையாள் ஆச்சி நினைவாக

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் உறங்கினாள். கைப்பேசி அதிர்ந்து உங்களில் யாராவது பதறி எழுந்தால் அந்தப் பாவமும் என்னைத்தான் சேரும். காலையில் எழுதலாம் என்றால், காலை எனக்குக் கிடைக்கும் என்று உறுதியில்லை.

உமையாள் ஆச்சி போன செய்தி வந்த விதத்தை நீங்களும் பார்த்தீர்கள். நாம் கூடி எழுதும் தமிழ்ப் பிழைதிருத்தி மென்பொருளின் தளத்தில், நிரலில் குறை இருந்தால் தெரிவிக்கும் பக்கத்தில், அவர் கணவர் இதற்காகவே ஒரு கணக்குத் தொடங்கி எழுதியிருந்தார்: ‘உமையாள் நேற்று மாரடைப்பில் காலமானாள். உங்களிடம் எங்கே சொல்வதென்று தெரியவில்லை.’ மறுநொடியே கீழே தானியங்கிப் பதில் வந்து விழுந்தது: ‘வாங்க, வாங்க. பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.’ புதிதாக எழுதுபவர் எவருக்கும் போகட்டும் என்று ஆச்சியே எழுதிவைத்த வரி அது. அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பார்த்திருந்தால் என்னைவிட அதிகம் சிரித்திருப்பார்.

வெளியூர் நண்பர்கள் பலர், ஆச்சி என்றதும் எழுபது வயதை நினைத்துக்கொண்டார்கள். அவருக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. நகரத்தார் வீடுகளில் அக்காவும் ஆச்சிதான். கண்டனூரில் பிறந்தவர். வீட்டுக்கு வந்தவரை உள்ளே இருக்கும் அத்தனை பேரும் தனித்தனியாக ‘வாங்க’ என்று கேட்க வேண்டும், அதாவது வரவேற்க வேண்டும், ஒருவர் விட்டாலும் குறை என்பது அங்கே வழக்கம். அதை அப்படியே நம் திட்டத்துக்குள் கொண்டுவந்தார். நான் முதன்முதலில் ஒரு சந்திப் பிழைக்குத் திருத்தம் அனுப்பியபோது பராமரிப்பாளர்கள் எல்லோரும் வரிசையாக வந்து வாங்க என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கனடாவிலிருந்து ஒருவர் மட்டும், ஒரு புள்ளி வைத்ததற்கு இத்தனை மின்னஞ்சலா, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டுவிட்டார். அதன்பிறகுதான் எல்லோர் சார்பிலும் அந்தத் தானியங்கி. ஆனால் வந்த நிரலைச் சேர்ப்பதில் ஆச்சி கறார். ‘வாங்கன்னு கேக்குறது கடமை. அனுப்புனதைச் சேக்குறது கடமையில்ல’ என்பார்.

அந்தக் கறாரை நேராக வாங்கிக்கொண்டவர் நம் கார்த்திக். வாசித்துக்கொண்டிருப்பீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய மாற்றங்களை மூட்டையாக அனுப்பிவிட்டு, இன்னும் சேர்க்கவில்லையே என்று நினைவூட்டலும் போட்டிருந்தார். வாராந்திர அழைப்பில் ஆச்சி நடுவிலிருந்த ஒரு வரியைக் காட்டி, இது என்ன செய்கிறது என்று கேட்டார். கார்த்திக் அந்த வரியையே உரக்க வாசித்துக் காட்டினார்.

‘விருந்துக்கு வந்தீக, சந்தோசம் தம்பி. லாரி நிறையச் சாமானைக் கொண்டாந்து எறக்கிட்டு, பிரிச்சுப் பாத்து அடுக்குங்கன்னா நாங்க எங்குட்டுப் போவோம்? ஒங்களுக்குப் புரிஞ்சதை மட்டும் கொண்டாங்க.’

அடுத்த வாரம் பத்தே வரியோடு வந்தார். அது இன்றும் பிழைதிருத்தியில் ஓடுகிறது.

பிள்ளை பிறந்த பிறகு, நான் சரிபார்க்க வேண்டிய திருத்தங்கள் தேங்கின. பால் கொடுக்கும்போதும் ஒரு கையால் அவற்றைத் திறந்து பார்ப்பேன், யாராவது திட்டியிருப்பார்களோ என்று. ஒருநாள் பார்த்தால், சரிபார்ப்பவர் என்ற இடத்தில் என் பெயரே இல்லை. உடனே ஆச்சியை அழைத்தேன்.

‘என்னைத் தூக்கிட்டீகளா ஆச்சி?’

‘தூக்கலத்தா, எறக்கி வச்சிருக்கேன். நீ பிள்ளையப் பாரு. ஒற்றுப்பிழை எங்குட்டும் ஓடிராது.’

அன்று நிம்மதியாகத் தூங்கினேன். இறக்கியதை எங்கே வைத்தார் என்று பார்க்கத் தோன்றவில்லை. இப்போது பொறுப்பு என் கைக்கு வந்து திறந்து பார்த்தால், எல்லாம் அவர் பெயருக்கு நேரே இருக்கிறது. என்னுடையது மட்டுமல்ல, தேர்வுக்குப் போனவர், வேலை மாறியவர், எல்லோருடையதும். அவருடையதை வாங்கி இறக்க நாம் யாரும் பக்கத்தில் நிற்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, ஒருவர் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் முன்பே அவர் பெயரை எடுத்துவிடும் அந்தத் துணிச்சல். ஆனால் எடுத்ததை என் பெயரில் எழுதமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தனியாக இழுத்தால் நானும் படுப்பேன், திட்டமும் படுக்கும். சரிபார்க்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை போதும், முடியாத வாரம் முடியாது என்று சொல்லிவிடலாம். திருத்தம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று சீக்கிரம் எழுதுங்கள்.