பின்னால் வந்த குரல்

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம், பிப்ரவரி மாதம். கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் இருந்த ஓர் உண்டு உறைவிடப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு மைக் செட் கட்டப் போயிருந்தேன். ஜனங்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்பதால் மலையில் விழாக்களைப் பகலிலேயே முடித்துவிடுவார்கள். அன்றும் காலை பத்து மணிக்கே ஆரம்பம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேந்தமங்கலம் பஸ் நிலையத்தில் இறங்கி 'மைக் செட் பாய்' என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கொண்டுவந்து என் கடை வாசலில் விட்டுவிடுவார்கள். படித்தது மூன்றாம் வகுப்பு. சைக்கிள் கேரியரில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அடிவாரத்து ஊர்களைச் சுற்றியவன். யாரிடமும் கைகட்டி நின்று தொழில் கற்றதில்லை. கெட்டுப்போன ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் போட்டு, கையைச் சுட்டுக்கொண்டு, நானே கற்றேன். எங்கள் பக்கத்தில் முதன்முதலாகப் பதினாறு சேனல் மிக்ஸர் வாங்கியவன் நான்தான். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், பட்டேன். திண்ணனூருக்கு அதை எடுத்துக்கொண்டு போனபோது வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மலைப்பாதையின் எழுபது வளைவுக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வேனில் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது புரிய வேண்டுமானால் அந்த மிக்ஸரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அதில் ஒவ்வொரு மைக்குக்கும் தனியாக ஒரு வெள்ளைக் குமிழும் ஒரு நீலக் குமிழும் உண்டு. வெள்ளையைத் திருப்பினால், பாடுகிறவர் காலடியில் வைத்திருக்கும் பெட்டிக்குச் சத்தம் போகும். மானிட்டர் என்போம். பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்கு அது. நீலத்தைத் திருப்பினால் சத்தம் எக்கோ மெஷினுக்குப் போகும். போன சத்தம் எதிரொலியாகி, கடைசிச் சேனல் வழியாகத் திரும்பி வந்து, ஜனங்கள் கேட்கும் பெரிய பெட்டிகளில் கலக்கும். குமிழ்களுக்குப் பக்கத்தில் ஏதேதோ இங்கிலீஷில் எழுதியிருக்கும். எனக்கு அது வாசிக்க வராது. நிறத்தை வைத்துத்தான் என் பிழைப்பு. இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. வெள்ளைக் குமிழ்கள் அத்தனையும் ஒரே திசையைப் பார்த்து வரிசையாக நிற்க வேண்டும். பார்க்கிறவன் 'ஆள் தொழிலில் சுத்தம்' என்று நினைக்க வேண்டும்.

இனி, அன்று பாட இருந்த அம்மாவைப் பற்றி. அந்தப் பள்ளியில் சமையல் வேலை செய்தவர், வளப்பூர் நாட்டுக்காரர், நாற்பது வயது இருக்கும். சாமை புடைத்துக்கொண்டே அவர் பாடியதைத் தலைமையாசிரியர் ஒருநாள் கேட்டிருக்கிறார். தலைமையாசிரியர் கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர், பாட்டு என்றால் உயிர். வானொலி நிலையத்துக்கு விடாமல் கடிதம் போட்டு, இரண்டு பேரை அன்றைக்கு மலைக்கு வரவழைத்துவிட்டார். அவர்களுக்குப் பிடித்திருந்தால் அந்த அம்மாவை நிலையத்துக்கே கூப்பிட்டு, அவருக்குத் தெரிந்த பாட்டுகளையெல்லாம் பதிவு செய்து ஒலிபரப்புவார்கள். பிடிக்காவிட்டால் அதோடு சரி.

"பாய், இன்னிக்கு விழாவே இந்தம்மா பாட்டுக்காகத்தான். இவங்க ரெண்டு பேரும் இன்னொரு தடவை மலையேறி வர மாட்டாங்க. கொஞ்சம் பார்த்துக்குங்க," என்றார் தலைமையாசிரியர்.

"நம்ம கையில விட்டாச்சில்லீங்க சார், கவலைய விடுங்க," என்றேன்.

அந்த அம்மாவும் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஏனுங்க பாய், இதுல வாயக் கிட்ட வெச்சுப் பாடோணுங்களா, தள்ளி நிக்கோணுங்களா?" என்று கேட்டார். நாலு விரற்கடை தள்ளி நிற்கச் சொன்னேன். அவருடைய ஊரிலிருந்து பத்திருபது பேர் வந்து ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் மகள் அதே பள்ளியில் ஒன்பதாவது படித்தாள். முதல் வரிசையில் பிள்ளைகளோடு இருந்தாள்.

காலையில் மைக்கைச் சோதித்தபோது நான் மிக்ஸரை விட்டு எழுந்திருக்கவில்லை. வேன் டிரைவரை மேடையில் நிறுத்தி 'அலோ, ஒன்னு, ரெண்டு' சொல்லவைத்தேன். எக்கோவை அப்போது திறக்கவில்லை. பேச்சு மைக்குக்கும் எக்கோ வைக்கவில்லை. அதனால் வரவேற்புரை, ஆண்டறிக்கை எல்லாம் பிசிறில்லாமல் போயின. அந்த அம்மா பாட வந்து நின்றதும், பாட்டு மைக்கின் நீலக் குமிழை நன்றாகத் திருப்பிவிட்டேன். வானொலிக்காரர்கள் முன்னால் நம் செட் கணீரென்று நிற்க வேண்டுமே. அவர்களும் தங்கள் சின்ன மைக்கை என் மைக் ஸ்டாண்டிலேயே கட்டி, டேப்பை ஓடவிட்டுத் தயாராக இருந்தார்கள்.

விதைப்புக் காலத்தில் பாடுகிற பாட்டு. முதல் வரியை எடுத்தார் பாருங்கள், அப்படி ஒரு குரலை நான் என் தொழிலில் கேட்டதில்லை. இரண்டாவது வரியில் தடுமாறினார். மூன்றாவது வரியில் நின்றேவிட்டார். திரும்பிப் பார்த்தார். குனிந்து பெட்டியைப் பார்த்தார்.

"பின்னாலயே யாரோ பாடறாங்க சாமி," என்றார் மைக்கிலேயே.

கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. அறிவிப்புக்காக என் பக்கத்தில் ஒரு மைக் எப்போதும் இருக்கும். அதை எடுத்தேன். "பின்னால யாரும் இல்லம்மா, அது உன் குரலுதான். மைக்குப் பயம் வந்தா அப்படித்தான் இருக்கும்," என்றேன். சிரிப்பு பெரிதானது. என் பேச்சுக்குக் கூட்டம் சிரித்ததில் எனக்கு ஒரு குளிர்ச்சி. இன்னும் ஒன்றைச் சேர்த்தேன். "அடுப்படியில பாடறது வேற, மேடையில பாடறது வேற."

அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

தலைமையாசிரியர் கெஞ்சவும் அந்த அம்மா மறுபடி பாடினார். இந்த முறை ஒவ்வொரு வரியையும் பாடிவிட்டு, எதற்கோ காத்திருப்பதுபோல நின்று நின்று பாடினார். கை போடுகிற தாளம் ஒரு பக்கம் போனது, பாட்டு ஒரு பக்கம் போனது. பாதியில் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

வானொலிக்காரர்களில் மூத்தவர் எழுந்து என்னிடம் வந்தார். நல்ல மனிதர். "மேடையில அவங்களுக்குச் சரியா கேக்குதா? ஒரு தடவை பார்த்துடுங்களேன்," என்றார்.

எழுந்து போய்ப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். "சார், இது புது மிக்ஸர். என் செட்டுல இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட் வந்ததில்லை. அந்தம்மாவுக்குத் தாளம் நிக்கல, அவ்வளவுதான்," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் டேப்பை நிறுத்தினார்.

அப்புறம் பிள்ளைகள் ஆடிய ஆட்டமெல்லாம் கேசட் பாட்டுக்கு. நாட்டுப்பண்ணுக்கு முன்னால் மேடையேறி என் கடைப் பெயரை நானே மைக்கில் சொல்வது வழக்கம். எந்த ஊர் விழாவானாலும் அதை விட்டதில்லை. பேச்சு மைக்கை அதற்குள் டிரைவர் கழற்றிவிட்டிருந்தார். பாட்டு மைக்கைப் பிடித்தேன்.

"இன்றைய விழாவுக்கு" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தையைச் சொல்ல வாய் திறக்கும்போது, காலடியிலிருந்து என் குரலே 'இன்றைய விழாவுக்கு' என்று என் முகத்தில் வந்து மோதியது. "ஒலி அமைப்பு" என்றேன். அதுவும் அப்படியே பின்னால் வந்தது. அதற்குமேல் நாக்கு நகரவில்லை. இழுத்து இழுத்துப் பேசினேன். என் கடைப் பெயரை என்னாலேயே முழுதாகச் சொல்ல முடியவில்லை.

"பாய்க்கே மைக்குப் பயம் வந்துருச்சுடோய்," என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். கூட்டம் உருண்டு சிரித்தது.

இறங்கி வந்து மிக்ஸரைப் பார்த்தேன். எக்கோ திரும்பி வருகிற கடைசிச் சேனலிலும் வெள்ளைக் குமிழ் மற்றவற்றோடு வரிசையாகத் திறந்து நின்றது. எக்கோ மெஷினிலிருந்து வருகிற சத்தம் இயல்பிலேயே பெரிது. ஜனங்கள் கேட்கும் பெட்டிகளுக்கு அதைக் குறைத்து வைத்திருந்தேன், மேடைப் பெட்டிக்குக் குறைக்கவில்லை. அது மேடைப் பெட்டிக்குள் போய், அந்த அம்மாவின் சொந்தக் குரலை அமுக்கிவிட்டு, அரை நொடி பிந்திய குரலையே அவருக்குக் கேட்கவைத்திருக்கிறது. 'எக்கோ வருகிற சேனலில் மட்டும் மேடைக்குப் போவதை மூடிவையுங்கள்' என்று மிக்ஸரை விற்ற சேலம் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராமல் அவரிடம் 'தெரியும் தெரியும்' என்று தலையாட்டியிருந்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு அந்தக் குமிழை மூடினேன்.

இதுவரைக்கும் நடந்தது தப்பு. யாருக்கும் நடக்கும். இனிமேல் சொல்வதுதான் வெளியே சொல்லக் கூசுவது.

வானொலிக்காரர்கள் இன்னும் போகவில்லை. தலைமையாசிரியர் அறையில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது அடி தூரம். செட் அப்படியே நின்றது, கரண்ட் இருந்தது, அந்த அம்மாவும் இருந்தார். 'தப்பு என்னுடையதுங்க, இன்னொரு தடவை பாட விடுங்க' என்று சொன்னால் போதும். சொல்லத்தான் போனேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும் தலைமையாசிரியர், "வாங்க பாய், உக்காருங்க, உங்களைத்தான் தேடினோம்," என்றார். மூத்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "சவுண்டு ரொம்பத் தெளிவா இருந்துச்சு பாய். மலைமேல இப்படி ஒரு செட்டை எதிர்பார்க்கல," என்றார்.

அந்த ஒரு வார்த்தையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். சோறு பரிமாறியது அந்த அம்மாதான். அன்றைய சமையலும் அவருடையதே. அவர் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மூத்தவர் தலைமையாசிரியரிடம், "குரல் நல்லாத்தான் இருக்கு சார். லயம் இல்லாம என்ன பண்றது?" என்றார். தலைமையாசிரியர் சோற்றைப் பிசைந்தார். கரண்டி ஒரு நொடி நின்றது. அப்புறம் என் இலைக்கு வந்தது. "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா பாய்?" என்று கேட்டார். போதும் என்று கையை நீட்டினேன். முகத்தை நிமிர்த்தவில்லை. வழித்துச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் அவர்கள் ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா தனியாக வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னால உங்க செட்டுக்குக் கெட்ட பேருங்களா பாய்? வெளிய இருந்து வந்தவங்க முன்னால இப்படி ஆயிப்போச்சுங்களே," என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பரவால்லம்மா, அடுத்த தடவை தைரியமாப் பாடு," என்றேன்.

அடுத்த வருடம் மிளகு காய்கிற சமயத்தில் வளப்பூர் நாட்டில் ஒரு காதுகுத்துக்கு செட் கட்டப் போனேன். லீவுக்கு அந்த அம்மா ஊருக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பாய் விரித்து மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து தண்ணீர் கொடுத்தார். பள்ளியில் யார் கேட்டாலும் இப்போது பாடுவதில்லையாம். மகள்தான் சொன்னாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக் குமிழ், எக்கோ, அவர் தாளத்தில் ஒரு குற்றமும் இல்லை என்பது வரைக்கும்.

அந்த அம்மா கையில் ஒட்டிய மிளகைப் பாயில் தட்டினார். "அன்னைக்கே தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"சோறு திங்கறதுக்கு முன்னாலீங்களா, பொறகுங்களா?"

பொறகு என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. "முன்னால," என்றேன்.

அவர் மறுபடி குனிந்து மிளகைக் கிளற ஆரம்பித்துவிட்டார். "பஸ்ஸு வர்ற நேரமாச்சு பாய், போய்ட்டு வாங்க," என்றார். நான் வேனில் வந்திருப்பது அவருக்குத் தெரியும். மகள் தண்ணீர்ச் சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அதற்கும் அவரே ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இப்போது என்னிடம் மூன்று வேன் இருக்கிறது, டிஜிட்டல் மிக்ஸர் இருக்கிறது. எந்த நிகழ்ச்சியானாலும் பாடுகிறவர் நிற்கிற இடத்தில் முதலில் நான் போய் நின்று பேசிப் பார்க்கிறேன். 'சரியாகக் கேட்கலைங்க' என்று யார் சொன்னாலும் எழுந்து ஓடுகிறேன். என்ன பொறுப்பு பாருங்கள் என்று மற்றவர்கள் புகழும்போது ஒயரைச் சுருட்டப் போய்விடுகிறேன். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேரின் குரலை ஊருக்கே கேட்கச் செய்தேன் என்று இன்றும் மார்தட்டிக்கொள்கிறேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வானொலியில் வந்திருக்கக்கூடிய அந்த ஒரு குரலை நினைக்கும்போது மட்டும், தட்டுகிற கை தானாகக் கீழே இறங்கிவிடுகிறது.