தொண்ணூறு நாள் வாக்கு

ஆரல்வாய்மொழிப் பள்ளிக்கூடத்தில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சத்துணவு ஆக்கிப் போடுகிறவள் ஜெபகுமாரி. ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்கத்தான் கை வரவில்லை. வீட்டுக்காரர் ஜெயசிங் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இந்தச் செப்டம்பரில் ஒரே மகள் ஸ்மைலினும் ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வடித்த சோறு திங்கள் சாயங்காலம் வரை சட்டியில் கிடக்கிறது.

ஸ்மைலின் ஹைதராபாத்தில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தவள். "அதைப் படிச்சு என்ன செய்யப்போறா?" என்று கேட்காத சொந்தக்காரர் ஒருத்தர் உண்டா? ஒரு வருஷம் ஸ்பெயினில் சலமான்கா என்ற ஊரில் தங்கிப் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தபோது, ஜெபகுமாரி நேர்ந்துகொண்ட பொருத்தனைப்படி வீட்டுச் சேவலைச் சர்ச்சில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாக்கு விஷயத்தில் ஆள் கறார்.

அங்கே போய் இறங்கிய மறுநாள் மகள் போனில் சொன்னாள்.

"அம்மா, முதல் தொண்ணூறு நாள் ஸ்பானிஷ் தவிர வேற பாஷை பேசமாட்டோம்னு இங்க படிக்க வந்த எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு மேல் ஜெபகுமாரி விட்டால்தானே.

"கையெழுத்துப் போட்டுட்டியா? அப்ப எங்கிட்டயும் பேசாண்டாம். குடுத்த வாக்கு குடுத்ததுதான். நான் பேசுகேன், நீ கேட்டாப் போதும்."

மகள் கையெழுத்துப் போட்ட தாளோ, பீடத்துக்கு முன்னால் நின்று செய்த பொருத்தனையோ, அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். முறித்தால் பிள்ளைக்கு ஆகாது.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்து, போனை அரிசி டின் மேல் சாய்த்துவைத்து வீடியோவில் பேசுவாள். கோழி அடை இருப்பது, பக்கத்து வீட்டு ஸ்டெனிக்குக் கல்யாணம் கூடிவருவது, எல்லாம் சொல்வாள். கேள்வி மட்டும் கேட்கமாட்டாள். கேட்டால் பிள்ளை வாய்தவறித் தமிழில் பதில் சொல்லிவிடுமே. 'சோறு தின்னியா' என்று கேட்காமல் இந்த ஊரில் யாராவது பேச்சைத் தொடங்குவார்களா? அதையும் விழுங்கினாள். மகள் தலையாட்டுவாள், சிரிப்பாள், சில நேரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பத்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். போனை அணைத்ததும் வீடு கம்மென்று ஆகிவிடும். ஜெபகுமாரி தரையில் உட்கார்ந்து அழுவாள். பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா?

டிசம்பரில், கெடு என்றைக்கு முடிகிறது என்று சரியாகத் தெரிந்துகொள்ள, மகள் போனில் அனுப்பியிருந்த அந்த இங்கிலீஷ் தாளைச் சபைச் செயலாளர் குமாரதாஸ் சாரிடம் காட்டினாள். ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார் அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"வர்ற ஞாயிறோட முடியுது, ஜெபகுமாரி. ஆனா வீட்டு ஆளுககிட்ட என்ன பாஷைலயும் பேசலாம்னு இதுல போட்டிருக்கே?"

"எப்பலேர்ந்து சாரே?"

"முதல் நாள்லேர்ந்தே."

வீடு வந்து சேரும்வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் முகம் தெரிந்ததும் நேராகக் கேட்டுவிட்டாள்.

"ஏட்டி, அம்மாகிட்ட பேசலாம்னு அதுல இருக்காமே. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா." மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த குரல் கரகரவென்று இருந்தது. "அன்னைக்கே சொல்ல வந்தேன்."

"பெறவு ஏன் சொல்லல?"

"பேசியிருந்தா, என்னால முடியல, திரும்பி வந்துருகேன்னு சொல்லியிருப்பேன். நீங்களும் வா மக்கான்னு சொல்லியிருப்பீங்க."

ஜெபகுமாரிக்கு அது தெரியும். சொல்லித்தான் இருப்பாள். தொண்ணூறு நாளாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டாள்.

"சோறு தின்னியா மக்கா?"

"இனிமேல்தாம்மா. நேத்து வடிச்சதே கிடக்கு," என்றாள் ஸ்மைலின். "ஒத்தை ஆளுக்கு வடிக்க எனக்குக் கை வரல."