சமையலறைக்கு அடித்த பச்சை

நெகுலாய் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமே கிடையாது. பகாவ் நகரத்தில் பஸ் ஓட்டுகிறான். வீட்டுக் குழாய், மின்கம்பி, குளியலறைத் தரை எல்லாம் அவன் கைவேலை. எங்கள் ஆட்களில் கை கால் நன்றாக இருக்கிறவன் தன் வீட்டு வேலைக்குக் கூலி ஆள் வைக்க மாட்டான். படிப்பு என்ன பெரிய படிப்பு? சான்றிதழுக்குச் சட்டம் போட்டு வைத்திருக்கிறவனுக்கு அதை மாட்ட ஆணி அடிக்கவும் இன்னொருத்தன் வர வேண்டியிருக்கிறது.

அந்த நெகுலாய்தான் சமையலறை அலமாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவு செய்தான்.

அவன் மனைவி ஸ்மரண்டா இத்தாலியில், தொரீனோவில், படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் மாடிக் கட்டடத்தில் அப்படி ஒருத்தியை அனுப்பாத வீடு எது? அவள் போனபோது மகள் இலின்கா எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது தம்பி ரதூவுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். கிறிஸ்துமஸ் சமயம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது, எப்போது ஒரேயடியாக வரப்போகிறாய் என்று நெகுலாய் கேட்டான்.

"அந்தப் பழுப்புக் கிச்சனுக்கா?" என்று ஸ்மரண்டா சிரித்தாள். "அந்த அலமாரிய நெனச்சாலே மூச்சு முட்டுது. மொதல்ல அது மாறட்டும், அப்புறம் பாக்கலாம்."

அவள் விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, அவன் அதை வாக்காகப் பிடித்துக்கொண்டான். ஈஸ்டருக்கு அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் அவள் திரும்பிப் போக மாட்டாள். இதுதான் அவன் கணக்கு. என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு அவள் ஒரு படம் அனுப்பினாள். காய்ந்த கற்பூரவள்ளி இலை மாதிரி சாம்பல் பூத்த பச்சை. கைப்பிடிகள் வெள்ளையாக இருக்கட்டும் என்றாள். பெயிண்ட் கடைப் பெண் போனைப் பார்த்துப் பார்த்து அதே பச்சையைக் கலக்கிக் கொடுத்தாள்.

கதவுகளைக் கழற்றினான். வருஷக்கணக்காக மீனும் உருளைக்கிழங்கும் பொரித்த எண்ணெய்ப் பிசுக்கு தேன் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சோடா உப்புத் தண்ணீரில் கழுவினான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். எல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி, பிள்ளைகளைக் கூட்டி வந்து, மக்காச்சோளக் களி கிண்டிப் போட்டு, துணி துவைத்த பிறகுதான். ஈரக் கதவுகளை வைக்க வேறு இடமில்லை. பிள்ளைகளின் கட்டிலில் கதவுகள் படுத்தன. பிள்ளைகள் அப்பாவோடு படுத்தார்கள். ரதூ தலைமுடியில் பச்சைப் பெயிண்டோடு பள்ளிக்கூடம் போக, டீச்சர் போன் செய்தாள்.

கீழ்வீட்டு ஒதிலியா அக்கா மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா நெகுலாய், பெயிண்ட் அடிக்கிறியா, இல்ல கட்டடத்தையே மயக்கம் போட வைக்கப் பாக்கிறியா?"

"மூக்க மூடிக்கிட்டு கண்ணத் தொறந்து பாருங்கக்கா. ஒரு எடத்துலயாவது பிரஷ் கோடு தெரியுதா?"

"தெரியல. உம் பொண்டாட்டி வந்து எந்த எடத்துல தெரியுதுன்னு காட்டுவா" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த சூப்புப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவ்வளவு கெட்டிக்காரனும் ஓரிடத்தில் சறுக்கினான். எந்தக் கதவு எங்கே என்று உள்பக்கத்தில் பென்சிலால் எண் போட்டிருந்தான். பிறகு உள்பக்கமும் அழகாக இருக்கட்டும் என்று எண்களின் மேலேயே பெயிண்டை அடித்துவிட்டான். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், ஊரெல்லாம் பண்டிகை முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டிருக்க, அவனும் பிள்ளைகளும் ஒவ்வொரு கதவாகத் தூக்கி ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் உட்கார்ந்தன. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்தது மட்டும் கொஞ்சம் சாய்ந்தே நின்றது.

சனிக்கிழமை ஸ்மரண்டா வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் சமையலறை வாசலில் நின்றாள். நெகுலாய் அவள் முகத்தையே பார்த்தான். அவள் ஒரு கதவைத் தடவினாள். வெள்ளைக் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்தாள்.

"அப்படியே இருக்கு" என்றாள்.

நெகுலாய்க்குத் தலை கால் புரியவில்லை. பண்டிகை ராத்திரி கோயிலிலிருந்து மெழுகுவர்த்தி ஒளியை அணையாமல் பொத்திக்கொண்டு வீடு வந்த வழியெல்லாம், பார்த்தவர்களிடமெல்லாம், பெண்டாட்டி இனிமேல் போக மாட்டாள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஸ்மரண்டா இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டு பக்கமும் அவள் கையைப் பிடித்திருந்தார்கள்.

காலையில் அவள் காபி போட எழுந்தாள். நெகுலாய் மேசையில் உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; கை தானாக ஜன்னலோர அலமாரிக்குப் போய்க் கதவைத் திறந்தது. உள்ளே உப்பும் அரிசியும். மூடினாள். சற்று நேரத்தில் அதே கை அதே கதவை மறுபடியும் திறந்தது.

"கோப்பை இங்க இருக்கும்மா" என்று இலின்கா அடுப்புக்கு மேலே காட்டினாள். "எப்பவும் இங்கதானே."

"ஆமாண்டி செல்லம். தூக்கக் கலக்கம்."

ரதூ ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "அம்மா போன்ல பேசுற வீட்லயும் இதே கிச்சன்தான். அங்க அம்மா கோப்பைய ஜன்னல் பக்கந்தான் எடுக்கும்."

நெகுலாய் எத்தனையோ தடவை அந்தச் சின்னத் திரையைப் பார்த்திருக்கிறான். அவள் முகத்தைப் பார்த்தானே தவிர, அவளுக்குப் பின்னால் இருந்த கதவுகளை ஒருநாளும் பார்த்ததில்லை. பிள்ளைகளை மாடியை விட்டுக் கீழே சாய முட்டைகளை மோதி உடைத்து விளையாட அனுப்பினான்.

"அந்த வீட்டு நெறமா இது?"

ஸ்மரண்டா அடுப்பை அணைத்தாள். "வேணும்னு செய்யல, நெகுலாய். என்ன நெறம் புடிக்கும்னு நீ கேட்ட. எனக்கு வேற ஒண்ணும் நெனப்புக்கு வரல. காலைல எழுந்தா நான் பாக்குறது அதத்தான்."

"இருந்துடேன்."

"அந்தம்மாவத் தூக்கி உக்கார வைக்க வேற ஆளில்ல. நான் ஊட்டுனாத்தான் வாயத் தொறக்குறாங்க." பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "அங்க எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுது. இங்க நான் தேட வேண்டியிருக்கு."

அவன் திருப்புளியை எடுத்துவந்து, சாய்ந்த கதவைச் சரிசெய்யப் பார்த்தான். அது நிமிரவில்லை. அவள் பின்னால் வந்து கதவைத் தாங்கிப் பிடித்தாள். இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

பண்டிகை முடிந்து, இத்தாலிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் வந்தது. அவள் பண்டிகைக்குச் சுட்ட கொசொனாக் இனிப்பு ரொட்டியில் ஒரு பாதியை மூதாட்டிக்கென்று பொட்டலம் கட்டி எடுத்துப்போனாள். பஸ் டிப்போவில் எல்லாரும் விசாரித்தார்கள். நெகுலாய் பெயிண்டைப் பற்றி மட்டும் பேசினான். கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு கோடு கிடையாது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றான். பொய்யில்லை, நகரத்தில் எந்தப் பெயிண்டரும் அப்படி அடித்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபோது இலின்கா நாற்காலி போட்டு ஏறி, கோப்பைகளை ஒவ்வொன்றாக ஜன்னலோர அலமாரிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். ரதூ கீழே நின்று எடுத்துக் கொடுத்தான்.

"அடுத்த தடவ அம்மா தேட வேணாம்ல" என்றாள்.

நெகுலாய் தடுக்கவில்லை. உப்பையும் அரிசியையும் தானே அடுப்புக்கு மேலே எடுத்து வைத்தான். காலையில் காபிக்கு அவன் கை இன்னும் பழைய கதவுக்குத்தான் போகிறது. திறந்து, உப்பைப் பார்த்து, மூடுகிறான்.