நட்சத்திரத்துக்கு லோ வோல்டேஜ்

வானத்தில் லோ வோல்டேஜ் என்று நம்பி, அதை ஊருக்குத் தெரியாமல் மறைக்கப் பார்த்த முட்டாள் செஞ்சி வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது ஐந்தாம் வகுப்பு. பிளஸ் ஒன் படித்த அக்கா, பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்திருந்தாள். அதன் வெளிச்சம் தானாகவே கூடுமாம், குறையுமாம். அக்கம்பக்கத்தில் மாறாத நட்சத்திரங்கள் இரண்டு. பளிச்சென்றிருப்பதற்குப் பத்து, மங்கலானதற்குப் பூஜ்யம். நடுவில் நம் ஆளுக்கு எத்தனை மார்க் என்று தினமும் ஏழரை மணிக்கு மொட்டைமாடியில் நின்று சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கண்ணாடி போட்டும் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆகவே கண் என்னுடையது, நோட்டு அவளுடையது. கணக்குப் பரீட்சையில் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாதவன் வானத்துக்கு மார்க் போட்டேன்.

முதல் நாள் ஒன்பது. மறுநாள் எட்டு. மூன்றாம் நாள் ஆறுதான் தேறியது. லோ வோல்டேஜேதான்; மாட்டப்போவது நான். காரணம், எங்கள் நைனா லைன்மேன். தெருவில் பல்பு கொஞ்சம் மங்கினாலும் எதிர்வீட்டுப் பெரியம்மா என்னைத்தான் பிடிப்பார்.

"இன்னாடா, உங்க நைனா கம்பத்து மேலயே தூங்கிட்டாரா?"

ராஜகிரிக் கோட்டை மலைக்கு மேலேயும் ஒன்று மங்குவது தெரிந்தால் கேட்கவா வேண்டும்! நைனாவின் மானம் காக்க "எட்டு" என்றேன். அதற்கப்புறம் மேலே பார்க்காமலேயே எட்டு, எட்டு, எட்டு.

வாரக் கடைசியில் அக்கா கிராஃப் தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இன்னாடா இது, ஏரித் தண்ணி மாதிரி சமமா நிக்குது?"

"கம்மியாச்சுன்னா நைனாவத்தானே திட்டுவாங்க..."

அவள் சிரிக்கவில்லை. கண்காட்சிக்கு இன்னும் இருந்ததே பதினைந்து நாள். ஏறி இறங்கி இரண்டு சுற்றாவது காட்டினால்தான் அது அலை. என் எட்டுகளை எல்லாம் சிவப்பு மையால் அடித்தாள்.

"இனிமே ஒரு நாள் புளுகினாலும் கிராஃப் போச்சு. கம்மின்னா கம்மின்னு சொல்லுடா, தடிமாடு."

உள்ளதைச் சொன்னேன். நாளுக்கு நாள் இறங்கி ஒன்றுக்கு வந்தது. அவ்வளவுதான், ஃபியூஸ் போய்விடும் என்று முடிவே கட்டினேன். இரண்டே நாளில் விறுவிறுவென்று ஏறி ஒன்பதில் நின்றது! அடுத்த வாரமும் அதே இறக்கம், அதே ஏற்றம். கண்காட்சிக்கு முந்தின நாள், அக்கா முதல் அலையை டிரேஸ் எடுத்து இரண்டாவதன் மேல் வைத்தாள். பொருந்தி உட்கார்ந்தது.

அங்கே ஒரு பெரும் நெருப்பு உப்பிச் சுருங்குகிறது என்பதும், நான் மார்க் போட்ட வெளிச்சம் செஞ்சிக் கோட்டைச் சுவர் எழும்பும் முன்பே கிளம்பியது என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அன்று கண்டதெல்லாம் இதுதான்: ஏணி இல்லை, கட்டிங் பிளேயர் இல்லை, யாரும் மேலே ஏறவும் இல்லை; ஆனாலும் வாரம் தவறாமல் அது திரும்ப எரிகிறது.

வேலை முடிந்து வந்த நைனாவை மாடிக்கு இழுத்துப் போய்க் காட்டினேன். "அத யாரு நைனா ரிப்பேர் பண்றது?"

இடுப்பு பெல்ட்டைக் கழற்றக்கூட மறந்து, அண்ணாந்து பார்த்தார்.

"அது நம்ம லைன் இல்லடா."