சனிக்கிழமைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போன கதை

பழவேற்காட்டுக்கு எல்லோரும் இறாலும் நண்டும் தின்னத்தான் போவார்கள். இரண்டையும் தொடாத நானும் அம்மாவும் போன ஜனவரியில் போய் வந்தோம்.

நாங்கள் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் கிறிஸ்தவ சபை. அன்று அடுப்பு பற்றவைக்க மாட்டோம், வேலை செய்ய மாட்டோம். செதில் இல்லாத மீனும் எங்கள் வீட்டுக்குள் வராது. என் தங்கை எஸ்தர் பழவேற்காட்டில் ஒரு கத்தோலிக்க மீனவரைக் கட்டிக்கொண்டாள். "அவ விசுவாசம் அன்னிக்கே போச்சு" என்று சொன்ன அம்மா, மூன்று வருடமாக அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. இப்போது எஸ்தருக்கு ஏழாம் மாதம். "பாத்துட்டு வந்துடுவேன். கை நனைக்க மாட்டேன், அவங்க ஜெபத்துக்கு ஆமென் சொல்ல மாட்டேன்" என்ற நிபந்தனைகளோடு அம்மா கிளம்பினாள். எனக்கு உள்ளூர பயம்தான்.

கொருக்குப்பேட்டையில் காலை ஆறரை மணிக்கு மின்சார ரயில், பொன்னேரிக்கு டிக்கெட் பத்து ரூபாய். அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். திருப்பாலைவனம் வரை பச்சை வயல், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. அம்மாகூட எட்டிப் பார்த்தாள்.

பழவேற்காடு பேருந்து நிலையத்தில், எஸ்தர் இருக்கும் மீனவர் குப்பத்துக்கு நூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். ஓட்டுநர் ஊர்க்கார பாய்.

"இன்னா சார், ஞாயித்துக்கெழம காலைல அந்தக் குப்பத்துக்குப் போறீங்க? ஈ காக்கா இருக்காது, அல்லாரும் பூசைக்குப் போயிருப்பாங்க. வெள்ளிக்கெழம மதியானம் வந்தா என்னைய புடிக்க முடியாதுல்ல, அதுமாரி."

சனிக்கிழமை எங்களுக்கு ஆகாது என்று ஞாயிறைத் தேர்ந்தெடுத்தோம். மற்றவர்களுக்கு ஞாயிறு ஆகாது என்பது இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை!

வீடு பூட்டிக் கிடந்தது. மாதா கோயில் வாசலில், சரியாகக் கேட்டுக்கு வெளியே, அம்மா வெயிலில் நின்றாள். பூசை முடிந்து முதலில் வந்தது எஸ்தரின் மாமியார் பிலோமினா.

"இன்னா சம்மந்தி, வெயில்ல காயறீங்க? உள்ள வந்து ஃபேனுக்கடில ஒக்காந்திருக்கலாம்ல! ஆண்டவரு வாணாம்னா சொல்லப்போறாரு?"

பின்னாலேயே வயிற்றைத் தாங்கிக்கொண்டு எஸ்தர். அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அம்மா அழவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஓய்வுநாள எல்லாம் விட்டுட்டியாடி?"

எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் பிலோமினா பதில் சொன்னார். "எங்க விட்டா? வெள்ளிக்கெழம பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு பேருமா ஆக்கி வெச்சிடுவோம். சனிக்கெழம இவள அடுப்பாண்ட நான் வுடறதில்ல, பைபிளும் கையுமா ஒக்காந்துடுவா. ஞாயித்துக்கெழம எனக்குத் துணைக்குக் கோயிலுக்கு வருவா. எங்களுக்கெல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் லீவு, ஒங்க பொண்ணுக்கு ரெண்டு நாளு!"

அடுக்களையில் ஒரு மண்சட்டியைக் காட்டினார். "இது அவ சட்டி. செதிலு இருக்கற மடவை மீன் மட்டும்தான். ஒரு இறால் பட்டதில்ல இதுல."

அம்மா சட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு யாரும் கூப்பிடாமலே வந்து இலை முன்னால் உட்கார்ந்தாள்.

"நீங்க ஜெபம் பண்ணுங்க சம்மந்தி" என்றார் பிலோமினா.

"ஒங்க வீடு, நீங்களே பண்ணுங்க."

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டு, வயிற்றுப் பிள்ளைக்காக ஜெபித்தார். முடித்ததும் முதல் ஆமென் அம்மாவுடையது. மடவைக் குழம்பு, சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பூநாரைக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். தொப்பியும் தண்ணீரும் அவசியம். ஞாயிறு காலை போனால் கோயிலுக்குள் போய் உட்காருங்கள். ஃபேன் நன்றாகவே ஓடுகிறது. எங்கள் சபைக்கு வெளியே எங்களுக்காகச் சட்டி கழுவி வைக்க ஆள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இருக்கிறார்கள்.

திரும்பும் பேருந்தில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "பிரசவத்துக்கு முன்ன ஒரு வாரம் வந்து இருக்கணும்டா."

"ஞாயித்துக்கெழம என்னம்மா பண்ணுவே?"

"நான் சமைக்கிறேன். அந்தம்மா நிம்மதியா பூசைக்குப் போய்ட்டு வரட்டும்."