பாம்பை மிதிக்காத சமையல்காரன்

அத்தானுக்குக் கடை எரிந்ததைவிடச் சும்மா இருப்பதுதான் பெரிய தண்டனை. எண்பத்து மூன்று கலவரத்தில் தெற்கிலிருந்து அக்காவையும் கூட்டிக்கொண்டு உடுத்த உடுப்போடு நயினாதீவுக்கு வந்து சேர்ந்த மனிதர், எங்கள் வீட்டுக் கதவுகளுக்கு எண்ணெய் விட்டே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஜேர்மனியில் இருந்த அவருடைய தம்பி, தொலைக்காட்சியில் பூட்டி விளையாடும் ஒரு பெட்டியை அனுப்பினான். அந்த விளையாட்டுக்கு மூலமான படத்தின் கசெற்றும் கூடவே வந்தது. படம் முழுக்க ஜேர்மன் பாசை. எங்களுக்கு விளங்கியது இவ்வளவுதான்: இளவரசியின் சிரிப்பை ஓர் அரக்கன் களவெடுத்துவிட, அரண்மனைச் சமையல்காரன் தலையில் தாச்சிச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு அதைத் தேடிப் போகிறான்.

விளையாட்டில் அந்தச் சமையல்காரன் பெருவிரல் அளவு. படிக்குப் படி தாவி மேலே ஏற வேண்டும். தொப்பி போட்ட தவளை வரும், குடை பிடித்த நண்டு வரும். தலையில் குதித்தால் சப்பையாகிவிடும். பாம்பும் வரும். அங்கேதான் வந்தது வில்லங்கம்.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருசம் பிள்ளையில்லை. நாகபூசணி அம்மனுக்கு அம்மா வைக்காத நேர்த்தி இல்லை. எங்கள் ஊரில் வளவுக்குள் பாம்பு வந்தாலும் கும்பிட்டு வழிவிடுவார்களே தவிர, தடியெடுக்க மாட்டார்கள். கடைசியில் அம்மன் கண்திறந்து அக்கா முழுகாமல் இருக்கிறா. அந்த நேரம் பார்த்து மருமகன் வீட்டுக்குள் இருந்து பாம்பின் தலையில் குதித்தால் அம்மா விடுவாவா?

"தம்பி, உந்தப் பாம்பை மிதிக்காதேங்கோ! பெட்டிக்குள்ளை இருந்தாலும் பாம்பு பாம்புதான்."

"ஓம் மாமி."

அன்றிலிருந்து பாம்பு வந்தால் சமையல்காரன் மரியாதையாக ஒதுங்கி நிற்பான். என் வாய் சும்மா கிடக்குமா? "என்ன அத்தான், உங்கடை ஆள் தேங்காய் திருவப் போயிட்டாரோ?" என்று நக்கலடிப்பேன். பாம்புக்கு வழிவிட்டே அவருக்கு நேரம் முடிந்துபோகும். கடைசிக் கட்டத்தை அவர் கண்டதேயில்லை.

கடலைக் குழப்பும் சோழகக் காற்று தொடங்கியிருந்தது. ஒருநாள் காலை அக்காவுக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டது. அம்மா அவவை லாஞ்சுப் படகில் ஏற்றி ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. அத்தானும் வெளிக்கிட்டார். அக்கரையில் ஆமிச் சோதனை, ஆம்பிளைகள் போவது நல்லதில்லை என்று துறையில் நின்றவர்கள் மறித்துவிட்டார்கள். வீட்டில் தொலைபேசி கிடையாது. அடுத்த லாஞ்ச் வந்தால்தான் சேதி. காற்று அடித்த அடியில் பின்னேர லாஞ்ச் வரவேயில்லை.

அவர் சோற்றைத் தொடவில்லை. படலைக்கும் வாசலுக்குமாக நடந்தார். அக்காவுக்கு வயதும் கொஞ்சம் போய்விட்டது. ஊரில் கரண்ட் இல்லை; பொறுக்க ஏலாமல் நானே ஜெனரேற்றரை இழுத்து ஓடவிட்டேன்.

"இருந்து விளையாடுங்கோ அத்தான். நீங்கள் நடக்கிறதைப் பாக்க எனக்குத் தலை சுத்துது."

மனம் வேறெங்கோ இருந்ததாலோ என்னவோ, அன்றைக்குக் கை தானாக ஓடியது. முதல் தடவையாகக் கடைசிக் கட்டம் வந்தது. மஞ்சள் கோபுரம். உச்சியில், கூட்டுக்குள் இளவரசியின் சிரிப்பு குஞ்சு மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இன்னும் இரண்டே படி. அதில் ஒன்று வழுக்க, சமையல்காரன் தவறி நேரே பாம்பின் தலையில் விழுந்தான். பாம்பு சப்பையாகி மறைந்தது. மேலே புள்ளி கூடியது.

"ஐயோ, என்ரை தாயே!" என்றார் அத்தான். "இண்டைக்கெண்டு பாத்து... பிள்ளைக்கு ஏதும் நடந்தால்?"

வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவின் மகள்தானே நானும். அப்போதுதான் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"அத்தான், அணைச்சுப்போட்டுத் திருப்பிப் போடுங்கோ. எல்லாம் முதல்லையிருந்து வரும். பாம்பும் வரும்."

"மெய்யாவோ?"

"ஓம். ஆனால் கோபுரம் போயிடும்."

நான் சொல்லி முடிக்கவில்லை, அணைத்துவிட்டார். எத்தனை மாதம் ஏங்கிய கோபுரம்! திருப்பிப் போட்டதும் தவளை வந்தது, நண்டு வந்தது. பிறகு அதே பச்சைப் பாம்பு, ஒரு காயமும் இல்லாமல், நெளிந்து நெளிந்து வந்தது. அத்தான் விளையாட்டுப் பிடியை நிலத்தில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். பாம்பு வந்து சமையல்காரனைக் கடித்தது. அவர் கும்பிட்டபடியே இருந்தார்.

விடிந்ததும் துறைக்கு ஓடினோம். காற்றுத் தணிந்திருந்தது. முதல் லாஞ்சின் முன்பக்கத்தில் அம்மா நின்றா. கரைக்கு வருமுன்னமே கத்தினா:

"பொம்பிளைப் பிள்ளை! தாயும் பிள்ளையும் சுகம்!"

அப்பாடா! அத்தான் ஈரத்தில் அப்படியே குந்திவிட்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன், ஆர் பார்த்தால் எனக்கென்ன.

அம்மா இறங்கி வந்து அவருடைய முகத்தைப் பார்த்தா. "நித்திரை கொள்ளேல்லைப் போலை. என்ன செய்தனீங்கள் தம்பி?"

"விளையாடினனான் மாமி."

"பாம்பு?"

அத்தான் என்னைப் பார்த்தார். என் வாய் துருதுருத்தது. ஆனால் நான் கண்ணால் கண்டதும் அதுதானே.

"உயிரோடைதான் நிக்குது அம்மா," என்றேன்.